நாலு பவுண்டு

அக்கா, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கங்க. சாக்குல இருக்கிறது கோழி இல்லை, எஞ்சின் ஹெட். எஞ்சினுக்கு மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருக்குமே, அது. கீழே வச்சா ஒவ்வொரு வளைவுக்கும் சீட்டுக் காலில் போய் இடிக்குது. இருங்க, மடியிலேயே வச்சுக்கறேன். கிரீஸ் உங்க சேலையில் பட்டா சொல்லிடுங்க. பட்டாலும் நான் ஒண்ணும் செய்ய முடியாது, சும்மா சொல்றேன்.

வாந்தி வர்ற மாதிரி இருக்கா? கையில் எலுமிச்சம்பழம் வச்சிருக்கீங்கல்ல, மோந்துக்கங்க. கொல்லிமலையில் மொத்தம் எழுபது வளைவு. இறங்கறப்போ நம்பர் குறைஞ்சுக்கிட்டே வரும், இப்போ போனது அறுபத்தாறு. இன்னும் இருக்கு.

இந்த டிரைவர் ஏன் இப்படி உருட்டறார்? மணி மூணு இருபது. நாமக்கல்லில் லேத்துப் பட்டறையை ஆறு மணிக்கு மூடிடுவாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, திறக்க மாட்டாங்க. திங்கட்கிழமை விடியக்காலம் எங்கப்பா லாரி எடுக்கப் போறார். அதுக்குள்ளே இந்த ஹெட்டைச் சமமா இழைச்சு வாங்கி, மலைக்குக் கொண்டு போய், மாட்டி, எங்க வேனை ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும். காட்டினா அவர் போக மாட்டார். காட்டலைன்னா போயிடுவார். அவ்வளவுதான் விஷயம்.

போகட்டுமே, லாரி ஓட்டாத ஆளா நாமக்கல் பக்கத்துல, அப்படின்னுதானே நினைக்கறீங்க. எங்கப்பாவுக்கு இடது கண் தெரியாது அக்கா. சர்க்கரை. வெளிச்சம் இருட்டு தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. இது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குக் கூடத் தெரியாது. நீங்க நாமக்கல்லில் இறங்கி உங்க வழியில் போயிடுவீங்க, அதனால் சொல்றேன்.

நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, ஒரு நாள் அவருக்கு இடது பக்கமா டம்ளரை நீட்டிக்கிட்டு நிக்கறேன். நின்னுகிட்டே இருக்கேன். அவர் "டீ கொண்டு வர்றேன்னு போனவ எங்கே போய்த் தொலைஞ்சா"ன்னு அம்மாகிட்டக் கேட்கறார். நான் அவர் தோளை உரசிக்கிட்டு நிக்கறேன். அன்னைக்குச் சாயங்காலம் என் தலையில் கையை வச்சுச் சத்தியம் வாங்கினார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு.

மலையில் பரவாயில்லை. இருபது வருசமா ஏறி இறங்கின பாதை, கண்ணை மூடினாலும் ஓட்டுவார். இடது பக்கம் நான் உட்கார்ந்துக்குவேன். கல்லு, மாடு, ஆளு, பைக்குன்னு சொல்லிக்கிட்டே வருவேன். அதுக்காகத்தான் பதினொண்ணாவது பாதியில் நின்னுட்டேன்னு பெருமை பேச மாட்டேன். நின்னது முதல்லயே. எனக்குப் பெஞ்சில் உட்காரப் பொறுமை இல்லை. கண் விஷயம் அப்புறம்தான்.

லாரியில் யார் சொல்லுவாங்க? இப்போ கிளீனர் வேலைக்கு ஒருத்தரும் வர்றதில்லை. தனி ஆளா நாசிக் வரைக்கும் போகணும். இடது பக்கம் முழுக்க இருட்டு. இடது பக்கத்தில்தானே அக்கா பைக்குக்காரன் வருவான், பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரும்.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு சந்தனப் பொட்டு. சிரிக்காதீங்க. எங்கம்மா வச்ச ஒரே ஒரு பொட்டு எங்க எஞ்சினைக் கொன்னுடுச்சு.

முதல்லயிருந்து சொன்னாத்தான் புரியும். எங்க வேன் எட்டுப் பேர் போகிற சின்ன வண்டி. மூணே சிலிண்டர். எட்டுப் பேரும் நாலு மூட்டை அன்னாசியும் ஏறினா அதுக்கு மூச்சு வாங்கும். ஐம்பத்திரண்டாவது வளைவு வந்ததும் எல்லாரும் இறங்கி நடக்கணும். வண்டி மட்டும் மேலே போய் நின்னு காத்திருக்கும். "நல்லுசாமி வண்டியில் வந்தா காசும் கொடுக்கணும், காலும் வலிக்கணும்"னு சந்தைக்குப் போற பொம்பளைங்க எங்கப்பா காதுபடவே சொல்லுவாங்க. அவரும் சிரிப்பார். எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும்.

அப்பத்தான் நாமக்கல் பழைய இரும்புக் கடையில் அந்தச் சாமானைப் பார்த்தேன். சூப்பர்சார்ஜர். அடிபட்ட வெளிநாட்டுக் குட்டிக் கார் ஒண்ணுலிருந்து கழட்டிப் போட்டது. எஞ்சின் தானா இழுக்கிற காத்து பத்தாம, இது பெல்ட்டில் சுத்திக் காத்தை அமுக்கி உள்ளே தள்ளும். காத்து அதிகம், பெட்ரோல் அதிகம், இழுவை அதிகம். எங்கப்பா அதுக்கு ஊதின்னு பேர் வச்சார். வீட்டில் எல்லாருக்கும் அது ஊதிதான்.

ஏனோதானோன்னு மாட்டலை அக்கா. கோயமுத்தூரில் ரேஸ் கார் வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தர், பேர் ஜெரால்டு, நேரில் பார்த்ததே இல்லை, போனில்தான் பழக்கம். குரல் பதிவு அனுப்புவார். "இங்க பாரும்மா வாணி, உன்னுது கம்பெனியில் வந்த எஞ்சின். உள்ளே இருக்கிற பிஸ்டன் சாதாரண வேலைக்கு வார்த்தது. நாலு பவுண்டு அழுத்தத்துக்கு மேல் ஊதாதே. தீப்பொறி விழற நேரத்தை நாலு டிகிரி பின்னாடி தள்ளி வை. பெட்ரோல் கொஞ்சம் கூடவே போகட்டும். தகர டப்பாவில் கல்லுப் போட்டுக் குலுக்கற மாதிரி சத்தம் வந்தா, யோசிக்காம ஆக்சிலேட்டர்லயிருந்து காலை எடு. இவ்வளவு செஞ்சா அது பத்து வருசம் ஓடும்." இதை நான் நூறு தடவை கேட்டிருப்பேன். எல்லாம் அவர் சொன்ன மாதிரியே செஞ்சேன். காத்து எத்தனை பவுண்டு போகுதுன்னு பார்க்க ஒரு மீட்டர் வாங்கி டேஷ்போர்டில் ஒட்டினேன். அந்த ஊசி அப்பாவுக்குச் சரியாத் தெரியாது, சின்னது. அதைப் பார்க்கிறது என் வேலை.

முதல் நாள் ஐம்பத்திரண்டாவது வளைவு வருது. எல்லாரும் பழக்கத்தில் பையைத் தூக்கிக்கிட்டு இறங்கத் தயாராகறாங்க. அப்பா "உட்காருங்க ஆத்தா"ன்னார். "எத்தனை கண்ணு?"ன்னு என்கிட்டக் கேட்டார். "நாலுங்கப்பா"ன்னேன். வண்டி பேசாம ஏறிடுச்சு. பின்னால் யாரோ கையைத் தட்டினாங்க. அப்பா மீசையைத் தடவிக்கிட்டார். அதுக்கப்புறம் ஒவ்வொரு வளைவுக்கும் அது எங்களுக்கு விளையாட்டு மாதிரி. எத்தனை கண்ணு? நாலுங்கப்பா.

ஐந்து வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஐந்து வாரம்.

இது என்ன, நாற்பத்தொண்ணா? இன்னும் நாற்பத்தொண்ணுதானா? அந்த லாரிக்கு எதுக்கு வழி விடறார்? ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும்தான், தெரியும் எனக்கு. தெரிஞ்சா மட்டும் நேரம் நின்னுடுமா.

ஜீப்புக்கார அறப்பளின்னு ஒருத்தன். டீசல் ஜீப்பு, பன்னெண்டு பேரை ஏத்துவான். ஒரு நாள் எங்களை முந்திக்கிட்டுப் போய் மலை மேலே சோளக்காடு ஸ்டாண்டில் நிக்கறான். நான் இறங்கினதும், "ஏனம்மணி, ஊதி வச்சும் உங்கொப்பன் வண்டி பெருமூச்சுதான் விடுது"ன்னான். ஸ்டாண்டே சிரிச்சது. எங்கப்பாவும் சிரிச்சார், அதுதான் தாங்கலை. அடுத்த பஸ்ஸில் நாமக்கல் போனேன். லேத்துப் பட்டறைச் செங்கோடன் அண்ணன்கிட்ட ஊதிக்கு ஒரு சின்னப் புல்லி கடையச் சொன்னேன். பெல்ட் ஓடற சக்கரம்தான் புல்லி. அது சின்னதானா ஊதி இன்னும் வேகமாச் சுத்தும், இன்னும் கொஞ்சம் ஊதும்.

"உங்கப்பனுக்குத் தெரியுமா?"ன்னு செங்கோடன் அண்ணன் கேட்டார்.

"அவர்தாங்ண்ணா அனுப்பினார்"னேன்.

இது பொய்தான். நான் மறைக்கலை பாருங்க. ஆனா புல்லி இல்லை அக்கா பிரச்சினை. கேளுங்க.

மறுநாள் ஆயுத பூஜைக்கு வண்டி கழுவணும். ஊதி, பெல்ட், மீட்டருக்குப் போகிற ரப்பர் குழாய், எல்லாத்தையும் கழட்டி மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு வாசலில் பரப்பி வச்சேன். எங்கம்மாவுக்குப் பொட்டு வைக்க ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. ஸ்டீயரிங், நாலு டயர், ஸ்பேனர் ஒண்ணொண்ணு, ஜாக்கி, ஸ்க்ரூ டிரைவர், அம்மி, அரிவாள்மனை. எஞ்சினில் காத்துப் போகிற குழாய் மேலே சின்னதா ஒரு மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கும். அதில்தான் மீட்டரோட ரப்பர் குழாய் மாட்டணும். அதோட வாய் கச்சிதமாப் பொட்டு அளவு. அம்மா அதில் சந்தனத்தை அமுக்கி, நடுவில் குங்குமமும் வச்சுட்டாங்க. பூஜை முடிஞ்சு, ஊதியைச் சின்னப் புல்லியோட திரும்ப மாட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை முன்னால் நகர்த்தற அவசரத்தில் நான் அதைப் பார்க்கலை. ரப்பர் குழாயை அது மேலேயே சொருகிட்டேன். சந்தனம் காஞ்சு கல்லாயிடுச்சு. ஊசி முனை அளவுக்கு ஓட்டை. அதுக்குள்ளே காத்து நுழைஞ்சு மீட்டர் ஊசி மெதுவா எழும்பி நாலுக்கு வர்றதுக்குள்ளே வளைவே முடிஞ்சு போயிடும்.

இதைக் கண்டுபிடிச்சது எல்லாம் உடைஞ்சு நின்ன அப்புறம். குழாயைப் பிடுங்கறேன், உள்ளே மஞ்சளாச் சந்தனம். அம்மாகிட்டக் கொண்டு போய்க் காட்டிக் கத்தினேன். "சாமிக்கு வச்சது கண்ணு, எனக்கென்ன தெரியும்"னு உட்கார்ந்து அழறாங்க. அழுதா சரியாயிடுமா?

புல்லி மாத்தினதும் மீட்டர் ஏறியிருக்கணுமே, அதே நாலு எப்படிக் காட்டும்னு கேட்கறீங்களா? நீங்க கேட்கலை, நான்தான் கேட்கறேன். கேட்டேன் அன்னைக்கே. இழுவை கூடியிருக்கு, மீட்டர் கூடலை. சரி, நம்ம எஞ்சின் நல்ல எஞ்சின், தாங்குதுன்னு நினைச்சேன். மீட்டரைப் படம் எடுத்து ஜெரால்டு அண்ணனுக்கு அனுப்பினேன். நாலுன்னா சரிதான்னுட்டார். புல்லி பத்தி நான் சொல்லலை. அவர் கேட்கலையே.

அறப்பளி ஜீப்பை மூணு தடவை முந்தினோம். மூணாவது தடவை நான் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏனுங்க மாமா, பெருமூச்சு யார் விடறது இப்போ"ன்னு கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த மாதிரி சந்தோஷம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

அப்புறம் போன செவ்வாய்க்கிழமை. எட்டுப் பேர், நாலு மூட்டை. ஐம்பதாவது வளைவு தாண்டினதும் அப்பா காதைச் சாய்ச்சார்.

"வாணி, கல்லு குலுங்கற மாதிரி கேட்குதே."

"மூட்டைக்கு அடியில் ஜாக்கி ஆடுதுங்கப்பா."

"எத்தனை?"

"நாலுங்கப்பா."

ஐம்பத்தொண்ணில் மறுபடியும் கேட்டார். நாலுன்னேன். ஐம்பத்திரண்டு ஏறும்போது, "நல்லாப் பாத்துச் சொல்லு கண்ணு, எத்தனை?"ன்னார். நல்லாப் பார்த்துத்தான் சொன்னேன். ஊசி நாலில்தான் இருந்தது. அறப்பளி பின்னாலயே ஹார்ன் அடிச்சுக்கிட்டு வர்றான். "நாலுங்கப்பா, போங்க"ன்னேன். போனார். சுத்தியலால் அடிச்ச மாதிரி ஒரு சத்தம். நடு பிஸ்டன் உடைஞ்சு, ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் எரிஞ்சு, ஹெட்டு வளைஞ்சு, வண்டி நின்னுடுச்சு. புகை. நல்லவேளை ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. எல்லாரும் இறங்கி நடந்தாங்க, பழைய மாதிரியே. அறப்பளி ஜீப்பை நிறுத்தி எதுவும் பேசாம நாலு பேரை ஏத்திக்கிட்டுப் போனான். அவன் ஏதாவது பேசியிருக்கலாம்.

ஸ்டாண்டில் என்ன ஆச்சுன்னு எல்லாரும் கேட்டப்போ, "ரேடியேட்டரில் தண்ணி ஊத்த மறந்துட்டேன், வயசாயிடுச்சு"ன்னு அப்பா சொன்னார். அவர் மறக்கலை. தினமும் காலையில் நான் பார்க்க ஊத்துவார். ஏன் அப்படிச் சொன்னார்னு தெரியலை. நானும் சரி, விடுன்னு விட்டுட்டேன். அவரே சொல்றப்போ நான் எதுக்கு இடையில் போகணும்?

மறுநாளே காளப்பநாயக்கன்பட்டி லாரி முதலாளி பொன்னுரங்கத்துக்குப் போன் பண்ணிட்டார். முன்னாடி அவர்கிட்டத்தான் லாரி ஓட்டினார். ஹெவி லைசென்ஸ் இன்னும் இருக்கு. கண்ணு விஷயம் பொன்னுரங்கத்துக்குத் தெரியாது. நான் மூணு நாள் தூங்காம ஹெட்டைக் கழட்டினேன். பையில் புதுப் பிஸ்டன் இருக்கு பாருங்க, காதில் கிடந்ததைக் கொடுத்து வாங்கினது. இந்த ஹெட்டு மட்டும் சமமாயிட்டா போதும். திங்கட்கிழமைக்குள்ளே…

இருங்க, போன் அடிக்குது. பதினாலாவது வளைவுக்கு வந்தாத்தான் இங்கே சிக்னலே வரும்.

சொல்லும்மா. பஸ்ஸில்தான். என்னது? இன்னைக்கா? திங்கட்கிழமைன்னுதானே… எப்போ கிளம்பினார்? யார் வண்டியில்? அஞ்சு மணிக்கா? ஏம்மா அவரை விட்டே?

ம். ம். என்ன சொல்லச் சொன்னார்? மறுபடி சொல்லு. அப்படியே சொல்லு, அவர் சொன்ன மாதிரியே.

…ஒண்ணும் இல்லைம்மா. அது ஒரு சாமான். நீ வை.

அக்கா, அப்பா கிளம்பிட்டார். லோடு முன்னாடியே வந்துடுச்சாம். பொன்னுரங்கம் ஆளை அனுப்பிப் பைக்கில் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். அஞ்சு மணிக்கு ஷெட்டிலிருந்து வண்டி எடுக்கறாங்களாம்.

போறதுக்கு முன்னாடி ஊதிகிட்டே உட்கார்ந்து ஏதோ வேலை செஞ்சாராம். "பெரிய புல்லியை நானே மாட்டிட்டேன், போல்ட்டு இறுக்கியாச்சு, பெல்ட்டை மட்டும் அவளைப் பாத்துக்கச் சொல்லு"ன்னாராம். அது என்ன புல்லி கண்ணுன்னு அம்மா என்னைக் கேட்கறாங்க.

வண்டி நின்ன அன்னைக்கே சின்னதைக் கழட்டிக் கோழிக் கூண்டு மேலே ஒளிச்சு வச்சிருந்தேன். அதை எடுத்திருக்கார். இல்லை, எடுக்கவே வேண்டாம். அது வண்டியில் இருந்தப்போ கையால் தடவியிருந்தாலே தெரிஞ்சிருக்கும் அவருக்கு. அப்போ எப்போ தெரியும்? தண்ணி ஊத்த மறந்துட்டேன்னு சொன்னப்பவே தெரியுமா? அதுக்கு முன்னாடியேவா? ஐம்பத்திரண்டில் நல்லாப் பாத்துச் சொல்லுன்னாரே. அவர் அந்த மாதிரி எப்பவும் கேட்டதில்லை. மூணு தடவை கேட்டார் அக்கா. எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஜாக்கி இல்லைன்னு எனக்குத் தெரியும். ஜாக்கி அன்னைக்கு வண்டியிலேயே இல்லை, வீட்டில் அம்மா பொட்டு வச்ச இடத்தில் இருந்தது.

மணி என்ன? நாலே கால். காளப்பநாயக்கன்பட்டி நாலே முக்காலுக்குப் போயிடும். இவர் இப்படி உருட்டாம ஓட்டினா.

அக்கா, நீங்க நாமக்கல்தானே போறீங்க. எனக்கு ஒரு உதவி. நான் காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கிக்கறேன். பொன்னுரங்கம் ஷெட்டு மெயின் ரோட்டிலேயே இருக்கு. லாரிக்கு முன்னால் போய் நிப்பேன். நேரா இல்லை, கொஞ்சம் இடது பக்கமா, எங்கப்பா கண்ணுக்குப் படாத பக்கம். பொன்னுரங்கத்தைப் பக்கத்தில் நிறுத்தி வச்சுக்கிட்டு, "அப்பா, நான் எத்தனை விரல் காட்டறேன்"னு கேட்பேன். ஒரு தடவைதான் கேட்பேன். பொன்னுரங்கம் புரிஞ்சுக்குவார். சத்தியம் போகும். அப்பா அதுக்கப்புறம் என்கூடப் பேசுவாரான்னு தெரியலை. பேசாட்டிப் போறார், வீட்டில் இருந்தாப் போதும்.

இந்த ஹெட்டை மட்டும் லேத்துப் பட்டறையில் கொடுத்திடுங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூணாவது பட்டறை, நீலக் கதவு. செங்கோடன்னு கேளுங்க. அவர் நம்பர் என்கிட்ட இல்லை, இருந்தாலும் அந்தச் சத்தத்தில் எடுக்க மாட்டார். வழவழன்னு இருக்கிற பக்கம் கீழே படக் கூடாது, கீறல் விழுந்தா வீணாப் போயிடும். சாக்கோட மடியிலேயே வச்சுக்கங்க. கனமா இருக்கும். உங்களுக்கு வேற குமட்டுது, தெரியும், என்ன செய்ய, வேற யார் இருக்காங்க இந்த பஸ்ஸில்.

ஆறு மணிக்கு முன்னாடி போயிடுங்க. எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் இழைக்கச் சொல்லுங்க.

யார் கொடுத்ததுன்னு கேட்பார். வாணி, நல்லுசாமி மகள்னு சொல்லுங்க. யார் கழட்டினதுன்னு கேட்டா, அவளேதான்னு சொல்லுங்க. கையில் வாங்கிப் பார்த்ததுமே அவருக்குப் புரிஞ்சுடும், யார் உடைச்சதுன்னும் கேட்பார்.

அதுக்கும் அந்தப் பேரையே சொல்லுங்க அக்கா.